பாயிண்ட் ஃபைவ் சாரும் இரண்டு நாற்காலிகளும்

கார்த்திகை தீபத்துக்கே மார்க் போட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் பாயிண்ட் ஃபைவ் சார்.

மலை உச்சியில் தீபம் ஏறியதும் ஊரே கைகூப்பி நின்றது. நானும் குப்பு அக்காவும் வேலை பார்க்கும் இடத்தின் வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பக்கத்தில் அவரும் நின்றார். பயபக்தியோடு கும்பிட்டார். கண்ணில் நீர்கூடத் துளிர்த்தது. அதைத் துடைத்துக்கொண்டு, "பத்துக்கு ஒன்பதரை" என்றார்.

"அந்த அரை எங்க சார் போச்சு?" என்றாள் குப்பு அக்கா.

"ஏத்தின உடனே மேகம் வந்து ரெண்டு நிமிஷம் மறைச்சிடுச்சே."

"அதுக்கு தீபம் இன்னா சார் பண்ணும்?"

"யாரு பண்ணாங்கன்னு நான் பாக்கறதில்லம்மா. தெரிஞ்சிதா, தெரியலியா, அவ்ளோதான்."

அவருக்கு முழு மார்க் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எதைப் பார்த்தாலும் அரை குறைப்பார். அதனால்தான் அந்தப் பெயர். செங்கம் ரோட்டு டீக்கடை மாஸ்டர் அவருக்கு டீயை நீட்டிவிட்டு அடுத்த டீயை ஆற்றாமல் காத்திருப்பார். "ஏழரை" என்று தீர்ப்பு வந்தால்தான் கை நகரும். ஒருமுறை எட்டரை வந்துவிட்டது. மாஸ்டர் அன்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னார். முடிவெட்டிக்கொண்டு எழுந்ததும் கண்ணாடியில் பின்மண்டையைப் பார்த்துவிட்டு மார்க் சொல்வார். கல்யாண வீட்டில் இலையை மூடும் முன் ரசத்துக்கு ஆறு, பாயசத்துக்கு எட்டு, பந்தி விசாரித்தவருக்கு நாலரை என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவப் போவார். பந்தி விசாரித்தவர் பெண்ணின் தாய்மாமன் என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை.

எனக்கு அவர் அறிமுகமானது உத்தியோக முறையில்.

கிரிவலப் பாதையில் வருகிறவர்களுக்காக ஒரு அரசு அலுவலகம் கட்டணக் கழிப்பிடம் ஒன்றைக் கட்டியது. எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன். பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனாலும் அவரே வந்து அரை மார்க் குறைத்துவிடுவார். கட்டிடமும் தண்ணீரும் அலுவலகத்துடையது. நடத்துவது சென்னையில் இருக்கும் ஒரு தனியார் கம்பெனி. இதற்கு அரசு தனியார் கூட்டு என்று பெயர். அந்தக் கூட்டில் நான் கவுன்டர், குப்பு அக்கா கிளீனிங். வேறு யாரும் இல்லை.

நான் பத்தாவது வரை படித்தவள். யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேச வராது. கவுன்டரில் உட்கார்ந்தால் எனக்கு முன்னால் நீளும் கைகளைத்தான் பார்ப்பேன். கையை வைத்தே ஊர்க்காரர் யார் வெளியூர்க்காரர் யார் என்று சொல்லிவிடுவேன், முகம் தெரியாது. சொந்தக்காரர்கள் என்ன வேலை என்று கேட்டால், "அரசும் தனியாரும் சேர்ந்து நடத்தற ஒரு திட்டத்துல இருக்கேன்" என்பேன். கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் சின்ன நாத்தனார், நான் எங்கேயோ மேம்பாலம் கட்டிக்கொண்டிருப்பதாக ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்தில் மதிப்பீட்டுப் பிரிவு என்று ஒன்று. அதில் ஒரே சீட்டு. அந்தச் சீட்டில் பாயிண்ட் ஃபைவ் சார். மாதம் ஒருமுறை வந்து ஐம்பது கேள்விகள் கொண்ட தாளில் எங்களுக்கு மார்க் போட வேண்டியது அவர் வேலை. ஒரு கேள்விக்கு இரண்டு, மொத்தம் நூறு.

முதல் தடவை வந்தபோது தோளில் ஒரு ஜோல்னாப் பை. உள்ளே டார்ச் லைட், குச்சியில் கட்டிய வட்டக் கண்ணாடி, வெள்ளைக் கைக்குட்டை ஆறு, ஓட்டப் பந்தயத்துக்கு வைத்திருக்கிற கடிகாரம், அடியில் தடியாக ஒரு புத்தகம். அந்தப் புத்தகம்தான் அலுவலகத்துக்கும் கம்பெனிக்கும் நடுவே போட்ட ஒப்பந்தம். எண்பத்து நாலு பக்கம். கையெழுத்துப் போட்ட இரண்டு தரப்பும் படிக்காத அதை ஆரம்பம் முதல் முடிவு வரை படித்த ஒரே ஜீவன் அவர்தான்.

வந்ததும் எங்களோடு பேசவில்லை. வரிசையில் போய் நின்றார். முன்னால் நின்ற ஆள் உள்ளே போனதும் கடிகாரத்தை அமுக்கினார். ஆள் வெளியே வந்ததும் நிறுத்தி, "ஏங்க, நாலு நிமிஷம் பதினோரு செகண்ட். தாமதம் உங்களாலயா, கதவாலயா?" என்று கேட்டார். அந்த மனிதர் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

பிறகு கண்ணாடிக் குச்சியைப் பீங்கானுக்குப் பின்னால் விட்டுப் பார்த்தார். கைக்குட்டையால் ஜன்னல் கம்பியைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். கடைசியாக வாசல்படியில் நின்று இடுப்பில் கை வைத்து, கண்களை மூடி, பத்து செகண்ட் மூச்சை உள்ளே இழுத்தார். கேள்வி எண் ஒன்பது, துர்நாற்றம்.

"சார், ஊதுபத்தி கொளுத்தி வெச்சிருக்கேன்" என்றாள் குப்பு அக்கா பெருமையாக.

"அதுக்குத்தான் ஒண்ணு குறைச்சிருக்கேன். மறைக்கறது தனிக் குத்தம்."

குப்பு அக்கா அன்று மாலை வரை அந்த ஊதுபத்திப் பெட்டியோடு பேசவில்லை.

அடுத்த மாதம் அவர் இதே மாதிரி கண்மூடி நின்றபோது, ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா அந்த வழியாக வந்தார். மலையைப் பார்த்து ஒருவர் அசையாமல் நிற்பதைக் கண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் பக்கத்தில் கண்மூடி நின்றார். அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். நால்வரும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, உள்ளே போக வேண்டியவர்கள் ஒன்றும் புரியாமல் வெளியே கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். சார் கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்த்தார். கொஞ்சமும் அசரவில்லை.

"ஸ்மெல்?" என்றார்.

அந்த அம்மா கண்ணைத் திறக்காமல், "பீஸ்" என்றார். அமைதியாம்.

சார் தாளில் எழுதினார்: 'வெளிநாட்டுப் பயனாளிகள் மூவர். குறை ஏதும் சொல்லவில்லை.' ஒன்றரை மார்க்.

மறுநாள் அதே நேரத்துக்கு ஐந்து பேர் வந்து சாமி எங்கே என்று சைகையில் கேட்டார்கள். குப்பு அக்கா ஒரு விரலைக் காட்டினாள். "சாமி மாசத்துக்கு ஒரு தபாதான் வருவாரு. அடுத்த மாசம் வாங்க."

எல்லாவற்றிலும் ஒன்றரையாவது வந்துவிடும். போர்டு இருக்கிறதா என்பது மாதிரியான ஆம், இல்லைக் கேள்விகள் பதினொன்றில் மட்டும் குறைக்க வழியில்லாமல் மனசில்லாமல் இரண்டு போடுவார். என்னால்தான் ஒரு கேள்வி ஒவ்வொரு மாதமும் படுத்துக்கொண்டது. கேள்வி எண் இருபத்து மூன்று: பணியாளர் பயனாளியை முகம் பார்த்துப் புன்னகையுடன் வரவேற்றல். எனக்கு அரை.

"அமுதா, கொஞ்சம் சிரிச்சித் தொலையேன். உன் சொத்தா போவுது?" என்று குப்பு அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒரு வாரம் பழகினேன். எட்டாம் நாள் கவுன்டரில் முதல் ஆளைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தேன். அவர் தன் சட்டைப் பொத்தானைச் சரி பார்த்துக்கொண்டார். இரண்டாவது ஆள், "ஏன்மா, உடம்பு சரியில்லையா?" என்றார். அந்த மாதம் சார் வந்தபோதும் சிரித்துக் காட்டினேன். உற்றுப் பார்த்தார். "முயற்சி தெரியுது. சிரிப்பு தெரியல" என்று சொல்லி அரையிலேயே விட்டுவிட்டார்.

அந்த மாத மொத்தம் எழுபத்தொன்பதரை. அதற்கு அடுத்த மாதமும் எழுபத்தொன்பதரை.

அதற்குப் பிறகுதான் சென்னையிலிருந்து கம்பெனி ஏரியா மேனேஜரின் போன் வந்தது. குரலைக் கேட்டால் கல்லூரி முடித்து இரண்டு வருடம்தான் ஆகியிருக்கும்.

"மேடம், டார்கெட் எண்பது. மூணு மாசம் தொடர்ந்து எண்பதுக்குக் கீழ போனா, அந்த இடத்து ஸ்டாஃபை மொத்தமா மாத்திடுவோம். இது எங்க பாலிசி."

"மாத்தினா எங்கள எங்க சார் போடுவீங்க?"

"எங்கயும் இல்ல மேடம்."

குப்பு அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது மட்டும்தான். இந்த வேலை போனால் வேறு யாரும் அவளைச் சேர்க்கப் போவதில்லை. எனக்கோ, வேலை கேட்டு ஒரு வாசலில் போய் நிற்கும் தைரியம் வாழ்க்கையில் ஒரே முறைதான் வந்தது. அதை இங்கே சேரும்போதே செலவு செய்துவிட்டேன்.

அரை மார்க்தானே, மூன்றாவது மாதம் எடுத்துவிடலாம் என்று இறங்கினோம். குப்பு அக்கா கூரையில் ஏறிச் சிலந்தி வலை எடுத்தாள். கதவுத் தாழ்ப்பாளுக்கெல்லாம் எண்ணெய் போட்டோம். எல்லாம் பளபளவென்று ஆன நாள் பார்த்து மோட்டார் நின்றது. மேல்தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

மோட்டார் அலுவலகத்துடையது. அலுவலகம்தான் பழுது பார்க்க வேண்டும். மனு எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

மதிப்பீட்டுப் பிரிவும் நீர் வழங்கல் பிரிவும் ஒரே அறையில் இருந்தன. இரண்டு மேசை, இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு ஆள் போகிற இடம். நீர் வழங்கலில் இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டதால் அந்தச் சீட்டும் கூடுதல் பொறுப்பாகப் பாயிண்ட் ஃபைவ் சாரிடமே இருந்தது. வாசலில் இருந்த பியூன், "சாருக்கு இந்த வருஷம் சூப்பரிண்டெண்டு பிரமோஷன் வருது. லிஸ்ட்ல மொத பேரு அவுருதான். எதுவா இருந்தாலும் சீக்கிரம் குடுத்துடுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

சார் மதிப்பீட்டு நாற்காலியில் இருந்தார். மனுவை வாங்கிப் படித்தார். முகத்தில் அப்படி ஒரு இரக்கம்.

"அடடா. தண்ணி இல்லாம எப்படிம்மா நடத்துவீங்க? இது உடனே கவனிக்க வேண்டிய விஷயம்" என்று சொல்லி, 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதி, முத்திரை குத்தி, எதிர் மேசைத் தட்டில் வைத்தார்.

பிறகு பேனாவை மூடினார். எழுந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். மேசையைச் சுற்றிப் போய் அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கே இருந்த வேறு ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தட்டில் இருந்த என் மனுவை எடுத்து, முதல் முறையாகப் பார்ப்பதுபோலப் படித்தார். புருவம் சுருங்கியது.

"மோட்டார் கடைசியா ஓடின நேரம் எழுதலியே."

"சார், இப்ப நீங்கதான..."

"அது மதிப்பீடும்மா. இது தண்ணி."

'விவரம் முழுமையில்லை, திருப்பி அனுப்பப்படுகிறது' என்று எழுதினார். எழுந்து, கண்ணாடி மாற்றி, பழைய நாற்காலிக்கு வந்தார். தாளைப் பார்த்தார். உண்மையிலேயே முகம் வாடிப்போனது.

"திருப்பிட்டாங்களேம்மா" என்றார். "அந்த சீட்டு எப்பவுமே கறாரு. நான் எவ்ளோ எழுதினாலும் கேக்கறதில்ல."

நான் திரும்பி வந்து சொன்னபோது குப்பு அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. விக்கலுக்குக் குடிக்கவும் தண்ணீர் இல்லை.

"ரெண்டு பேர்ல நல்லவரு யாருன்னு பாத்து அவுரு கைலயே குடுத்துட்டு வரக்கூடாதா?" என்றாள்.

நேரத்தை எழுதிக்கொண்டு மறுபடி போனேன். முதல் நாற்காலி ஏற்றுக்கொண்டது. இரண்டாவது நாற்காலி மோட்டாரின் போட்டோ வேண்டும் என்றது. போட்டோ எடுத்துப் போனேன். அதில் மோட்டாரின் நம்பர் தெரியவில்லை என்று திரும்பியது. முதல் நாற்காலி எனக்காகக் கோபப்பட்டு இரண்டாவது நாற்காலிக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதியது. இரண்டாவது நாற்காலி, 'தங்கள் கடிதத்தின் தொனி ஏற்புடையதல்ல' என்று பதில் எழுதியது. அந்தப் பதிலைப் படித்துவிட்டு சார் அன்று சாப்பிடவே போகவில்லை என்று பியூன் சொன்னார்.

இப்படிப் பதினோரு நாள் போனது. அதுவரை குப்பு அக்கா தனக்குத் தெரிந்த ஆட்டோக்காரரைப் பிடித்து, தெருமுனைக் குழாயிலிருந்து டிரம் டிரம்மாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். நம்பர் தெரிகிற போட்டோ நாலாவது தடவை கிடைத்தது. பன்னிரண்டாம் நாள் ஆட்கள் வந்து மோட்டாரை ஓட வைத்தார்கள்.

ஆனால் சார் ஆய்வுக்கு வந்தது பதினோராம் நாள் காலை.

அன்று அவர் எல்லாவற்றையும் பார்த்தார். கூரையைப் பார்த்து ஒன்றரை போட்டார். தாழ்ப்பாளுக்கு ஒன்றரை. நான் நிமிர்ந்து ஒரு வார்த்தை "வாங்க" என்றதற்கு அரையை ஒன்றாக்கினார். பிறகு மேல்தொட்டிக்குப் போனார். பூஜ்யம். தண்ணீர் இழுக்கும் விசை, பூஜ்யம். கை கழுவும் குழாய்க்கு அரை, டிரம்மும் மக்கும் வைத்திருந்ததற்காக. தடையில்லாத தண்ணீருக்கு அரை. கூட்டினார்.

"எழுபத்தஞ்சி" என்றார்.

குப்பு அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராக வந்து அவர் முன்னால் நின்றாள்.

"தண்ணி வராததுக்கு எங்களுக்கு ஏன் சார் கம்மி பண்றீங்க?"

"யாரு பண்ணாங்கன்னு நான் பாக்கறதில்ல..."

"ஒரு தபா பாருங்க சார். எங்க ரெண்டு பேரு வேலையே போவப்போவுது. இந்த ஒரு தபா யாருன்னு பாருங்க. தண்ணி குடுக்க வேண்டியது யாரு?"

"ஒப்பந்தப்படி அலுவலகம்."

"அலுவலகம்னா?"

"நீர் வழங்கல் சீட்டு."

"அந்த சீட்டுல குந்திகினு இருக்கறது யாரு?"

சார் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"நான்தாம்மா" என்றார்.

வேலை போகப் போகிறது என்று சொன்னது அவருக்குப் புதுச் செய்தி. மார்க் போட்டதோடு அவர் வேலை முடிந்துவிடும், அந்தத் தாள் சென்னைக்குப் போய் என்ன செய்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. "ஆளையா மாத்துவாங்க?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு ஜோல்னாப் பையின் அடியிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கிரிவலம் முடித்து வந்த ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சார், கொஞ்சம் நகருங்க, அவசரம்" என்றார்.

"இருங்க, இணைப்பு மூணுல இருக்கேன்" என்றார் சார், தலை நிமிராமல். அந்த மனிதர் அவரைத் தாண்டிக் குதித்து உள்ளே போனார்.

இணைப்பு மூன்றில்தான் அது இருந்தது. அலுவலகத் தரப்பின் தாமதத்தால் கெட்ட இனங்களைக் கம்பெனியின் மார்க்கில் சேர்க்கக் கூடாது. அவற்றை நீக்கிவிட்டு மிச்சத்துக்குத்தான் கணக்குப் போட வேண்டும். படித்து முடித்து அதையே மறுபடி படித்தார். "இத்தனை நாளா அலுவலகம் தவறினதே இல்லன்னு இந்தப் பக்கத்த நெனச்சிக்கூட பாக்கல" என்றார் யாரிடமோ சொல்வதுபோல.

தண்ணீர் சம்பந்தப்பட்ட கேள்விகள் நாலு. அவற்றுக்கு மொத்தம் எட்டு. அதில் நாங்கள் வாங்கியது ஒன்று. எழுபத்தைந்தில் அந்த ஒன்று போனால் எழுபத்து நாலு. நூறில் எட்டுப் போனால் தொண்ணூற்றிரண்டு. போனில் கணக்குப் போட அவருக்கு நம்பிக்கை இல்லை. தாளின் பின்பக்கத்தில் வகுத்தல் போட்டார். நானும் குப்பு அக்காவும் அவர் தலைக்கு மேலே குனிந்து நின்றோம். உள்ளே போன மனிதர்கூட வெளியே வந்து, என்ன ஏது என்று தெரியாமலே எங்களோடு குனிந்துகொண்டார்.

"எண்பது புள்ளி நாலு மூணு" என்றார் சார்.

"பாஸா?" என்றார் அந்த மனிதர்.

"இருங்க. அரை வராததை நான் கீழதான் இறக்குவேன். எண்பது."

"எண்பது பத்துமா சார்?" என்று கேட்டேன் நான், தாளைப் பார்த்துக்கொண்டே.

"எண்பதுக்குக் கீழ போனாத்தான மாத்துவாங்க? எண்பது எண்பதுக்குக் கீழ இல்ல."

குப்பு அக்கா அந்த முன்பின் தெரியாத மனிதரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவர், "எங்க வூட்லயும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மலையைப் பார்த்து நடந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஆனால் சார் எழுந்திருக்கவில்லை. இணைப்பு மூன்றில் இன்னும் இரண்டு வரி மிச்சம் இருந்தது. அப்படி நீக்கினால், தாமதத்துக்குப் பொறுப்பான அலுவலரின் பெயரையும் அவருக்கு இடப்படும் மார்க்கையும் தனித் தாளில் எழுதி இணைக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் நீக்கம் செல்லாது.

தனித் தாளை எடுத்தார். எட்டுக்குப் பூஜ்யம் என்று எழுதினார். பெயர் என்ற இடத்தில் பேனாவை வைத்தார்.

எனக்குப் பியூன் சொன்னது ஞாபகம் வந்தது. லிஸ்ட், முதல் பெயர், பிரமோஷன். தைரியம் எப்படி வந்ததென்று தெரியவில்லை, வாய் திறந்துவிட்டேன்.

"சார், பேரு எழுத வேணாம் சார். நாங்க வேற எங்கயாவது பாத்துக்கறோம்."

அவர் நிமிர்ந்தார். நானும் அவர் முகத்தைப் பார்த்தேன். ஓரக்கண்ணால் இல்லாமல் நேராகப் பார்த்தது அதுதான் முதல் முறை. இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது.

"இதோ, இப்ப முகம் பாத்துப் பேசறீங்க" என்றார். "கொஞ்ச நேரம் முன்ன பேசியிருந்தா இன்னொரு அரை வந்திருக்கும்."

பெயரை எழுதிவிட்டார். அவருடைய உண்மையான பெயர் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ரொம்ப சாதாரணப் பெயர்.

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததைப் பியூன் சொல்லித்தான் கேட்டோம். முதல் நாற்காலி இரண்டாவது நாற்காலிக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்ததாம். இரண்டாவது நாற்காலி மூன்று நாள் யோசித்து, கூடுதல் பொறுப்பின் சுமை என்று விளக்கம் எழுதியதாம். முதல் நாற்காலி அதைப் படித்துவிட்டு, 'விளக்கம் திருப்தியாக இல்லை' என்று மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டதாம். மேலதிகாரி இரண்டு பேரையும் தன் அறைக்கு வரச் சொன்னாராம். சார் ஒருவரே போய் நின்றிருக்கிறார்.

"ஏன்யா, உன்னையே நீ மாட்டிவிட்டுட்டு வந்து நிக்கிறியே, உனக்கு யாரு மேலயா கோவம்?" என்று அவர் கேட்டாராம்.

"கோவம் இல்ல சார். ஃபைல்ல அப்படித்தான் இருக்கு சார்" என்றாராம் இவர்.

பிரமோஷன் லிஸ்டில் இரண்டாவதாக இருந்தவர் சூப்பரிண்டெண்டு ஆனார். சாரின் அந்த வருடத்து ஆண்டு மதிப்பீட்டில் பத்துக்கு ஆறரை போட்டிருந்தார்கள். குப்பு அக்கா அவர் கையைப் பிடித்து அழாத குறையாக, "எங்களால சார்" என்றபோது அவர் வேறு ஏதோ யோசனையில் இருந்தார். "ஆறுதாம்மா போட்டிருக்கணும். அரை ஜாஸ்தி போட்டிருக்காங்க. எழுதிக் கேக்கலாமான்னு பாக்கறேன்" என்றார். எழுதியும் கேட்டார். பதில் வருவதற்குள் ரிட்டையர் ஆகிவிட்டார்.

நாங்கள் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறோம். கவுன்டர் நான், கிளீனிங் குப்பு அக்கா. இப்போது மார்க் போட ஆள் வருவதில்லை. சுவரில் ஒரு சதுரப் படம் ஒட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் போனில் அதைப் படம் பிடித்து நட்சத்திரம் போட வேண்டும். அவசரத்தில் எல்லோரும் ஐந்தும் போட்டுவிட்டுப் போகிறார்கள். உள்ளே போவதற்கு முன்னாலேயே போட்டுவிடுகிறவர்களும் உண்டு. எங்கள் மார்க் தொண்ணூற்றெட்டு. ஏரியா மேனேஜர் போன மாதம் எங்கள் இரண்டு பேர் பெயரையும் போட்டு வாழ்த்துப் படம் அனுப்பினார். குப்பு அக்கா அதை உற்றுப் பார்த்துவிட்டு, "யாருன்னே தெரியாதவன் குடுக்கறது" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சார் வியாழக்கிழமை தோறும் காலையில் மலையைச் சுற்றுகிறார். சுற்றி முடித்ததும் எங்களிடம் வருவார். ஓசியில் போகச் சொன்னால் கேட்க மாட்டார். வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, உள்ளே போய் வருவார். வெளியே வந்து, போவதற்கு முன்னால் ஒரு நிமிடம் தயங்கி நிற்பார்.

"எவ்ளோ சார்?" என்று குப்பு அக்கா கேட்பாள்.

"எனக்கு இப்ப அதிகாரம் இல்லம்மா."

"அதிகாரம் போனா மூக்குமா சார் போயிடுச்சி?"

அதைக் கேட்டதும் கிளம்பிவிடுவார். ஆனால் அவர் நடந்து போகிற மாதிரியிலிருந்தே எங்களுக்குத் தெரிந்துவிடும், ஏழா, ஏழரையா என்று.

இடையில் இரண்டு வியாழன் அவர் வரவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற சுபாவமும் எனக்கு இல்லை. மூன்றாவது வாரம் திங்கள்கிழமை குப்பு அக்கா தரையைத் தேய்த்துக்கொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "மக வூட்டுக்குப் போயிருக்காராம். வர்ற வியாழக்கெழம வந்துடுவாராம்."

புதன்கிழமை மத்தியானமே நாங்கள் இரண்டு பேரும் கழுவ ஆரம்பித்துவிட்டோம்.